ராத்திரிக்குள் ஊர் திரும்புகிறவர்கள்

மதுரைக்குப் பொழுது விடிவது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் கிடந்த சனம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு மொத்தமாகத் தெருவில் இறங்கிவிடும். அம்மன் சன்னிதி வாசலில் பூக்காரம்மாக்கள் ஈரத்துணியை விலக்கி முழம் போடத் தொடங்கியிருப்பார்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை என்பதால் பிள்ளைகள் கல்தளத்தில் இஷ்டத்துக்கு ஓடும். மாசி வீதி முக்குகளில் பருத்திப்பால் அண்டாவிலிருந்து சுக்கு வாசனையோடு ஆவி கிளம்பும். எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் இருக்கிறவர்கள் நகரத்தைப் பற்றி எழுதினால் குறை சொல்லத்தான் எழுதுவார்கள் என்று பலருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது.

எங்கள் ஊர் மேலூர் தாலுகாவில் இருக்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே வரும் ஒருபோகப் பாசனப் பகுதி, அதிலும் கடைமடை. வெள்ளிக்கிழமைகளில் கைவேலை ஒழிந்தால் மதினியும் நானும் மதுரைக்குக் கிளம்பிவிடுவோம். "என்னத்தா, போவமா?" என்று மதினி கேட்கும்போதே தலை சீவி முடித்திருப்பார். "வாங்க மதினி, நாலு மணி பஸ்ஸப் பிடிச்சிருவோம்" என்பேன். அண்ணன் திண்ணையில் இருந்தபடியே, "எந்நேரமானாலும் மேலூருக்கு வந்து போன் போடுங்க, வண்டிய எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி அனுப்புவார். மேலூர், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சிம்மக்கல். மாறி மாறிப் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம்.

கோரிப்பாளையம் தாண்டி ஏ.வி. பாலத்தில் பஸ் ஏறும்போது மதினி கையெடுத்துக் கும்பிடுவார். 1889இல் திறந்த பாலம். கீழே வைகையில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, ஓர் ஓரமாக ஒரு கோடு ஓடும். இருந்தாலும் அழகர் இறங்குகிற ஆறு அல்லவா. அந்த இடத்தில் நெரிசலில் பஸ் நிற்பதுகூட எனக்கு நல்லதாகவே படும். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மாறும்போது கொஞ்சம் நின்று மாறுவதுதான் சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனாட்சி அம்மன் கோயிலில் ஊஞ்சல் உண்டு. பொற்றாமரைக் குளத்தின் கரையில் இருக்கும் ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனையும் சுவாமியையும் எழுந்தருளச் செய்து ஆட்டுவார்கள். ஓதுவார் பாடுவார். குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பேரும் கையில் ஒன்றுமில்லாமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மடியில் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி ஒரு அம்மா, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பாட்டியிடம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டியும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். மதுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்தப் படிக்கட்டைத்தான் சொல்வேன்.

பூ வாங்காமல் வந்தால் மதுரைக்குப் போனதாகவே மதினி ஒத்துக்கொள்ள மாட்டார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பு, வாசம் நிற்கும் நேரம், எல்லாவற்றிலும் மற்ற மல்லிக்கு இது ஒரு படி மேல். ஆனால் தலையில் வைத்துக்கொள்ளும்போது எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். இந்த மொட்டு, திருமங்கலத்துப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஏதோ ஒரு கொல்லையில் விடியுமுன் பறிக்கப்பட்டது. வெயில் ஏறிவிட்டால் மொட்டின் பதம் போய்விடும் என்பதால், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒருத்தி பறித்திருப்பாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையிலேயே விலை முடிவாகியிருக்கும். மார்கழி, தையில் பனி விழுந்தால் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அந்த மொட்டுதான் இந்தச் சாயங்காலத்தில், அம்மன் சன்னிதியில், என் தலையில் மெல்ல விரிகிறது. நகரத்து மாலையின் வாசனையை உண்டாக்கியது ஒரு கிராமத்து விடிகாலை. இதைத் தெரிந்துகொண்டு சூடும்போது பூ இன்னும் கனமாக இருக்கிறது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் நடைதான். சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர்களாகவே கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். திருமலை நாயக்கர் காலத்தில் மாசித் திருவிழா சித்திரைக்கு மாறியதால், சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அதற்கும் வெளியே கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் வெளி வீதிகள். 1837 வாக்கில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அவர் நினைவாக எழுப்பியதுதான் விளக்குத்தூண். அந்த வேலையை அளந்தவர் பேரில் மாரட் வீதி, நின்று நடத்தியவர் பேரில் பெருமாள் மேஸ்திரி வீதி. ஒரு மேஸ்திரியின் பெயரை வீதிக்கு வைத்து இன்றுவரை அப்படியே அழைக்கிற ஊர் இது. இந்த ஊர்மேல் எனக்கு மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். வெள்ளிக்கிழமை என்பதால் எங்களுக்கு இட்லி, அதற்கு நாலு விதச் சட்னி, பிறகு ஒரு டம்ளர் பருத்திப்பால். வேறு கிழமையில் அண்ணன் கூட வந்தால் கறிதோசை. தோசைக்கல்லில் கொத்துப் பரோட்டா போடும் தாளம் நாலு கடை தள்ளியும் கேட்கும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க நிற்கும் கூட்டத்தில், நகைக் கடைக்கு வந்த கல்யாண வீட்டாரும் மூட்டை இறக்கிவிட்டு வந்த தொழிலாளியும் ஒரே வரிசையில் ஒரே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். யார் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நகரத்தில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம் இதுதான். எங்கள் ஊரில் நான் தெருவில் இறங்கினால் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் என் அப்பாவைத் தெரியும், என் வயலின் எல்லை தெரியும், என் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும். மதுரையில் அந்த நாலு மணி நேரம் நான் கூட்டத்தில் ஒருத்தி. சேலைக்கடையில் எடுக்காமலே பத்துச் சேலையைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கடை வாசலில் நின்று சும்மா வேடிக்கை பார்க்கலாம். மதினி சாதாரணமாக வாய்விட்டுச் சிரிக்க மாட்டார். மாசி வீதியில் சிரிப்பார். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்த ஊரின் பகல் கடைவீதியையும் இரவுக் கடைவீதியையும் தனித்தனியாகக் காட்டுகிறது. சங்க காலத்திலும் பக்கத்து ஊர்களிலிருந்து எங்களைப் போல் இரண்டு பெண்கள் அந்த இரவுக் கடைவீதியில் கைகோத்து நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், அடுக்கடுக்காகப் புத்தகம். சில நாட்களில் மதியமே கிளம்பி அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, அதன்பிறகு கோயிலுக்குப் போவோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்கப் படிப்பதைப் பார்க்கலாம். அவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும், தூக்குச்சட்டியே சொல்லிவிடும். இப்படி ஒன்றை எங்கள் ஊர் தராது. மருத்துவத்துக்கும் கோரிப்பாளையத்து அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம். நகரம் இல்லாமல் கிராமம் வாழ்ந்துவிடும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்பது மணி தாண்டியதும் எனக்குள் ஏதோ ஒன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. வேலைக்காகச் செல்லூரில் வாடகைக்கு இருந்த காலத்திலும் இதே கதைதான். வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகும் மனசு எங்கேயோ போகவேண்டியிருப்பதாகவே உட்கார்ந்திருக்கும். தறிச் சத்தம் ஓய்ந்து, பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்து, கடைசியில் தெருவிளக்கு ஜன்னல் வழியே முகத்தில் விழுந்துகொண்டிருக்கும். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். எனக்குத் தூங்குகிற ஊர் வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒத்தக்கடை தாண்டும்போது இடப்பக்கம் யானைமலை படுத்திருக்கும். பகலில் பார்த்தால் பாறை. ராத்திரியில் நிஜமாகவே ஒரு யானைதான். அதைத் தாண்டிவிட்டால் காற்று மாறிவிடும். நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று ஊர் ஊராகக் கூட்டம் இறங்கும். மேலூரில் இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு நிற்போம். வண்டியில் ஊர்ப்பாதையில் திரும்பியதும் கடைசிக் கடையின் விளக்கும் முதுகுப்பக்கம் போய்விடும். கண் பழகக் கொஞ்ச நேரமாகும். பிறகு வரப்பு தெரியும், கண்மாய்க்கரை தெரியும், கரைமேல் பனைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மேலே அறுமீன் கூட்டமும் தெரியும். எங்கோ ஆக்காட்டி கத்தும். மழைக்காலமாக இருந்தால் தவளைச் சத்தத்தில் வண்டிச் சத்தமே அமுங்கிப்போகும். வாசலில் வந்து இறங்கி, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது என் மனசு எங்கும் போக வேண்டாம் என்று இருக்கும். அதுதான் எனக்கு வீடு.

இவ்வளவு மட்டும் எழுதி நிறுத்தினால் கிராமத்து அமைதி என்பது காற்றைப் போல் தானாகக் கிடைப்பது என்று ஆகிவிடும். அது உண்மை கிடையாது. எங்கள் பக்கத்தில் இந்த அமைதி எங்கள் கண் முன்னால் ஒருமுறை இல்லாமல் போனது. கீழவளவு, கீழையூர்ப் பகுதியில் கிரானைட் குவாரிகள் ஓடிய காலத்தில் இரவும் பகலும் லாரி போகும். வெடி வைத்தால் அடுக்களையில் பாத்திரம் ஆடும். கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கல்லுக்கடியில் போயின. 2012இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். குவாரிகள் நின்றன. இன்றும் அந்தப் பக்கம் போனால் அறுத்துப்போட்ட கல் அடுக்குகளும் பச்சைத் தண்ணீர் நிற்கும் பெரும்பள்ளங்களும் இருக்கும். ஒரு மலை போனால் போனதுதான். லாரி நின்ற முதல் வாரத்தில், ராத்திரியில் சில்வண்டு கேட்கிறது என்று ஊரில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சில்வண்டு எப்போதும் அங்கேதான் இருந்தது. அதைக் கேட்கவிடாமல் வைத்திருந்தார்கள்.

பிறகு டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தது. 2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேர் நிலத்தை ஒன்றிய அரசு ஏலத்தில் விட்டதாக அறிவிப்பு வந்தது. அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு எல்லாம் அதற்குள். அரிட்டாபட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழு மலை சூழ்ந்த ஊர். பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை, சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் ஒரே ஊரில். 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். லகுடு வல்லூறும் ராசாளியும் அந்தப் பாறை முகடுகளில் இருக்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் காட்டில் இருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. இரண்டு வருஷம் முடியுமுன் அதே இடம் ஏல வரைபடத்துக்குள் வந்துவிட்டது.

ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். மந்தையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கிராமசபைத் தீர்மானங்கள் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்திலும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் மதுரைக்கு நடந்தார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும் அதே சாலை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், கம்பு ஊன்றி வந்த தாத்தாக்கள், கழுத்தில் துண்டோடு வயலிலிருந்து அப்படியே வந்தவர்கள். சாலையோரக் கடைக்காரர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தல்லாகுளம் பக்கம் வந்தபோது மதுரைக்காரர்கள் மாடியில் நின்று கை ஆட்டினார்கள். பூவும் பலகாரமும் வாங்க மட்டுமே போய்க்கொண்டிருந்த நகரத்தை அன்று முதல் முறையாக எங்கள் உறவாக உணர்ந்தேன். ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. அன்று ராத்திரி எங்கள் பக்கத்து ஊர்களில் யாரும் தூங்கவில்லை. குலவைச் சத்தம் ஊர் விட்டு ஊர் கேட்டது.

ஆக, கிராமத்தின் அமைதி என்று நான் சொல்வது ஆட்கள் விழித்திருந்து காத்து வைத்திருக்கும் ஒன்று. இதற்கு என்னை எப்போதும் நெகிழவைக்கும் சாட்சி ஒன்று உண்டு. எங்களுக்கு வடகிழக்கே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவித்தது. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கண்மாய் மரங்களில் வந்து கூடு கட்டும். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குஞ்சு பயந்துவிடும் என்பதற்காக. தீபாவளி வரும்போது மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலத்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கும். அவர்களுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கிறது. ஆனால் இனிப்புக்காகவா ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகச் சும்மா இருக்கும்? தங்கள் மரத்தில் முட்டையிட்ட விருந்தாளிக்காக இருக்கிறார்கள். ஒருமுறை தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அந்த ஊர்த் தெருவில் ஒரு வெடித்தாள்கூட இல்லாததைப் பார்த்தேன். எந்த நகரத்து விழாவையும் விட அது எனக்குப் பெரிய காட்சி.

எங்கள் ஊர் எப்போதும் அமைதியாக இருக்கிறது என்றும் யாரும் எண்ணிவிட வேண்டாம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி முழங்காலளவு வந்ததும் மீன்பிடித் திருவிழா. பொழுது விடியுமுன்னே பக்கத்து ஊர்களிலிருந்து ஊத்தா, கச்சா, வலை, கூடை, கொசுவலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சனம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரைமேல் நின்று வெள்ளைத்துண்டை வீசுவார்கள். வீசிய மறு கணம் மொத்தக் கூட்டமும் கண்மாய்க்குள் இறங்கும். கெளுத்தி, கட்லா, விரால், அயிரை. சேறு தெறிக்காத முகம் இருக்காது. அன்று பிடித்த மீனை யாரும் விற்பதில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மீன் கிடைக்காத வீட்டுக்குக் கிடைத்தவர்கள் கொடுத்துவிடுவார்கள். அன்று மத்தியானம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே குழம்பு வாசம். விளக்குத்தூண் கூட்டத்துக்குச் சற்றும் குறையாத இரைச்சல்தான் இது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே நான் காசு கொடுத்து வாங்குகிறேன், வேடிக்கை பார்க்கிறேன், திரும்பிவிடுகிறேன். இங்கே அந்தத் தண்ணீர் வருவதற்கான வாய்க்காலை வெட்டிவிட்டதில் என் வீட்டு மண்வெட்டியும் இருந்தது.

தண்ணீரைச் சொல்லாமல் கடைமடைக்காரி எதையும் எழுத முடியாது. மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, 1895இல் அணையை முடித்து, மலைக்குள் சுரங்கம் வெட்டி, வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வைகை அணை, பேரணை, கள்ளந்திரி என்று தாண்டித்தான் எங்களுக்கு வரும். கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரை 85,563 ஏக்கர் ஒருபோகம். மேலே யாரோ ஒருவர் மடையை ஒரு சாண் அதிகம் திறந்தால் கீழே எங்கள் நாற்று வெளுக்கும். தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால், அது எங்கள் மடைக்கு வந்து சேரும்வரை ஆண்கள் முறைபோட்டுக் கரையில் படுத்திருப்பார்கள். பெண்கள் தூக்கில் காபி கொண்டுபோவோம். அந்தச் சமயத்தில் மதுரையில் எந்த ஊஞ்சல் ஆடினாலும் என்னால் போக முடியாது. போகத் தோன்றவும் தோன்றாது.

இதை எழுதும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. கிராமம் எல்லோருக்கும் ஒரே கிராமமாக இருந்ததில்லை. எங்களுக்குப் பக்கத்தில்தான் மேலவளவு. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை மறித்துத்தான் அது நடந்தது. மதுரைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் அவர்களும் பஸ் ஏறியிருப்பார்கள். அங்கே இருக்கும் விடுதலைக் களம் நினைவிடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வீடு திரும்புவது எவ்வளவு பெரிய பாக்கியம், அது யார் யாருக்கு மறுக்கப்பட்டது என்று நினைக்காமல் இருக்க முடியாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத மாசி வீதியின் அருமை எனக்கு ஒரு சாயங்காலச் சந்தோஷம். இன்னொருவருக்கு அது மூச்சு. ஊரை விட்டு நகரத்துக்குப் போய்த் தலை நிமிர்ந்தவர்களைப் பார்த்து, "என்ன இருந்தாலும் கிராமம் போல வருமா" என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் இருப்பது என் விருப்பம் என்றால், எல்லோரும் விரும்பி இருக்கத்தக்க ஊராக அதை ஆக்குவதும் என் வேலைதான்.

எங்கள் பக்கத்துக்காரர்களின் மனசைப் புரிந்துகொள்ள அழகரைப் பார்த்தால் போதும். அழகர்மலையில் இருக்கிறவர் சித்திரையில் கள்ளழகராகக் கோலம் பூண்டு கிளம்புகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. மூன்றுமாவடியில் எதிர்சேவை. சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். வண்டியூர் போகிறார், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறார், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு. நகரத்தின் அத்தனை கொண்டாட்டத்தையும் ஒன்று விடாமல் ஏற்றுக்கொள்கிறார். மொத்த மதுரையும் ஆற்றில் இறங்கிப் பார்க்கிறது. பிறகு திரும்பிவிடுகிறார். மலைக்கு வந்து சேர்ந்ததும் பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழிப்பார்கள். அத்தனை லட்சம் கண் பட்டிருக்கிறதே. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அழகரை வழியனுப்பியபோது, "சாமி ஏன் மதுரையிலேயே இருக்கல?" என்று கேட்டேனாம். "அவருக்கு மலையில சோலி கிடக்குத்தா" என்றாராம் அப்பா.

அண்ணன் மகன் போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மனை பார்த்துவிட்டு வந்தான். "அத்தை, நீங்களும் பக்கத்துல ஒண்ணு வாங்கிப் போடுங்க. அப்பா அம்மாவும் வந்துட்டா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்ல. வெள்ளிக்கிழமை ஆனா அரை மணி நேரத்துல கோயிலுக்குப் போயிறலாம்" என்றான். அவன் வேலை அங்கே, பிள்ளை படிப்பு அங்கே. அவன் போவது சரிதான். மனை நன்றாக இருந்தது, பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தேன். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னேன். எனக்கு வேண்டாம் என்றேன். "ஏன் அத்தை?" என்றான். மறுகால் வாய்க்காலில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டுவதற்கு ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று பேசியிருக்கிறது, என் வீட்டு ஆள் நான்தான் என்றேன். மதினி அடுக்களையிலிருந்தே, "அவ வரமாட்டா, நானும் வரமாட்டேன், உங்கப்பா மட்டும் வேணும்னா வரட்டும்" என்று சத்தம் போட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை வாய்க்கால் வேலை. அதற்கடுத்த வெள்ளிக்குப் போகலாம் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு மாசி வீதியில் ஒரு பித்தளைச் சொம்பு பார்க்க வேண்டுமாம்.